ஏழாவது குரல்

— மூணாவது வேண்டாம்மா. ஏழாவது. ஏழாவது குரலை மட்டும் இன்னொரு தரம் போடுங்க.

— டீச்சர், மணி மூணே முக்கால். எல்லாரும் கிளம்பிட்டாங்க. நான் லேப்டாப்பையே மூடிட்டேன்.

— மூடினதைத் திறக்கலாமே. முப்பத்தொரு வருஷமா ஒண்ணாங்கிளாஸுக்கு இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லிக் குடுக்கிறேன். மூடின புஸ்தகத்தைத் திறக்க வைக்கிறதுதான் என் பொழப்பே.

— காலையில நீங்கதானே சொன்னீங்க? ‘இந்த டீச்சர் பயிற்சியெல்லாம் ஆகஸ்ட் மாசத்துக் கொசு, வருஷா வருஷம் வரும், கடிக்கும், போயிடும்’னு. பின்வரிசை முழுக்கச் சிரிச்சுது.

— அது உங்க காதுல விழுந்துடுச்சா?

— விழணும்னுதானே சொன்னீங்க.

— அதுவும் சரிதான். கோவிச்சுக்காதீங்க நதீன். வாசல்ல அட்டை ஒட்டியிருந்தாங்க: ‘நிறம், வாசிப்பு, பிஞ்சு வயதின் மொழி’. தலைநகரம் ஜாக்சன்ல இருந்து ஒரு சின்னப் பொண்ணு வந்து, கறுப்புப் பிள்ளைங்க பேச்சைப் பத்தி வெர்னீட்டா பிரூயிட்டுக்குப் பாடம் எடுக்கப் போகுதாக்கும்னு நினைச்சேன்.

— நானும் கறுப்புப் பொண்ணுதான் டீச்சர்.

— அதனாலதான் எரிச்சல் ஒரு படி கூடுதலா வந்துச்சு.

— பரவாயில்ல, பழகிடுச்சு. அதாவது, குழந்தைங்க வாசிச்சதைப் பிடிச்சு வச்ச இந்தக் குரலெல்லாம் பயிற்சிக்கு மட்டும்தான் டீச்சர். தனியா ஒருத்தருக்குப் போட்டுக் காட்டக் கூடாது. அதாவது, பேர் தெரியாத குழந்தைங்க, அவங்களுக்குன்னு ஒரு பாதுகாப்பு...

— ‘அதாவது’ நாப்பத்தி மூணு.

— என்னது?

— காலையில இருந்து எண்ணிட்டு வர்றேன். சாப்பாட்டுக்கு முன்னாடி இருபத்தாறு. அந்தக் காய்ஞ்ச சாண்ட்விச்சுக்கு அப்புறம் பதினேழு.

— எல்லாத்தையும் எண்ணுவீங்களா?

— டீச்சர் வேலையே அதுதானே. பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து, அது வாசிக்க வாசிக்கச் சரிக்கு ஒரு கோடு, தப்புக்கு ஒரு வட்டம். முடிஞ்சதும் வட்டத்தை எண்ணி, பிள்ளையை எந்த மேஜையில உட்கார வைக்கிறதுன்னு முடிவு பண்ணணும். நீங்களும் அதைத்தானே இன்னைக்குச் செய்யச் சொன்னீங்க?

— செய்யச் சொன்னேன். எதுக்குன்னு கடைசியில சொன்னேனே.

— சொன்னீங்க. என் தாள் இந்தா இருக்கு. ஏழாவது குரலுக்கு வட்டம் பதினாலு.

— நாப்பது வார்த்தைக்குப் பதினாலு. உங்க கிளாஸா இருந்தா அந்தக் குழந்தை எங்க உட்காரும்?

— ஜன்னலோர மேஜை. தேறாத மேஜைன்னு பிள்ளைங்களே பேர் வச்சிருக்குதுங்க. பேச்சுக் கோளாறு இருக்குதான்னு பார்க்கச் சொல்லிச் சீட்டும் எழுதியிருப்பேன்.

— மூணாவது குரலுக்கு எத்தனை போட்டீங்க?

— நாலு.

— மூணாவது பையனும் அவன் வீட்டுப் பேச்சுலதான் வாசிச்சான் டீச்சர். நான் உட்கார்ந்து எண்ணியிருக்கேன். அவன் மாத்தின இடம் பன்னெண்டு.

— தெரியும். மத்தியானமே அது உறைச்சுது. நீங்க பேர் சொல்லலை, படம் காட்டலை. ஆனா அவன் ரெண்டு வார்த்தை பேசினதும் வெள்ளைக்காரப் பிள்ளை, பண்ணைவீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சு போச்சு. ‘தாத்தா பேசுற மாதிரியே பேசுது, எவ்வளவு அழகு’ன்னு எனக்குள்ளேயே சொல்லிக்கிட்டேன். வட்டம் போட மறந்துட்டேன். நம்ம பிள்ளை வாயைத் திறந்தா மட்டும் கை தானா இறங்குது. என் தோலும் அதே நிறம், பாருங்க. இருந்தும் இறங்குது.

— இதைக் கூட்டத்துல சொல்லியிருக்கலாம். நாலு பேருக்கு உபயோகமா இருந்திருக்கும்.

— பின்வரிசையில உட்கார்ந்து கொசுவைப் பத்திச் சொன்னவ, அஞ்சு மணி நேரத்துல மனசு மாறிட்டேன்னு எழுந்து நிக்கிறதா? எனக்கும் மானம் இருக்கு. போடுங்கம்மா. ஒரே ஒரு தரம்.

— எதுக்குன்னாவது சொல்லுங்க.

— முதல்ல போடுங்க. அப்புறம் சொல்றேன்.

— சரி. ஒரு தரம்தான். சத்தம் போதுமா பாருங்க.

— “அந்த நாயி ஆத்தங்கரைக்கு ஓடுது, கேட்டியா. அதுக்கு வயிறு பசிக்கி. அங்கன ஒரு பெரியவரு மீன் பிடிச்சிக்கிட்டு இருக்காரு, கேட்டியா. அவரு நாயப் பாக்காரு. நாயி அவரப் பாக்கு, கேட்டியா. ஏல, வந்து எம்பக்கத்துல இரிங்காரு. அது போயி இருக்கு, கேட்டியா.”

— நிறுத்துங்க. போதும்.

— டீச்சர், தண்ணி குடிங்க.

— வேண்டாம்மா. அந்தப் பக்கத்துல அச்சடிச்சிருக்கிறதை வாசிங்க. கையில இருக்குல்ல?

— இருக்கு. ‘அந்த நாய் ஆற்றங்கரைக்கு ஓடுகிறது. அதற்கு மிகவும் பசிக்கிறது. அங்கே ஒரு முதியவர் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்...’

— பார்த்தீங்களா? ஒரு சங்கதி கூட விட்டுப்போகலை. நாய் ஓடினது, பசிச்சது, கிழவர் கூப்பிட்டது, போய் உட்கார்ந்தது, எல்லாம் அந்தப் பிள்ளை மண்டையில ஏறியிருக்கு. ஏறி, வீட்டு வாயால வெளிய வருது. வாசிப்புன்னா வேற என்ன? இதைச் சொல்லத்தான் நீங்க அஞ்சு மணி நேரம் எடுத்துக்கிட்டீங்க.

— அதாவது... ஆமா. அதேதான்.

— நாப்பத்தி நாலு. இப்பச் சொல்றேன். அது என் மகன்.

— யாரு?

— ஏழாவது குரல். என் மகன் ஜெரெல். தொண்ணூத்தேழாம் வருஷம், ஆறு வயசு. இதே பள்ளிக்கூடம், இந்த லைப்ரரிக்கு அடுத்த ரூம். யூனிவர்சிட்டியில இருந்து ரெண்டு பேர் செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிட்டு வந்தாங்க. பிள்ளைங்களை ஒவ்வொண்ணா உட்கார வச்சு வாசிக்கச் சொல்லிப் பிடிச்சுட்டுப் போனாங்க. நான் சம்மதம்னு கையெழுத்துப் போட்டேன். அதோட மறந்தும் போனேன்.

— நிஜமாவா டீச்சர்? இந்தத் தொகுப்புல பழைய டேப்பும் இருக்கு, புதுசா எடுத்ததும் இருக்கு. ஆபீஸ்ல கலந்து கட்டி நம்பர் மட்டும் போட்டுக் குடுத்துட்டாங்க. எது எந்த ஊரு, எந்த வருஷம்னு எனக்கே தெரியாது. இத்தனை வருஷம் கழிச்சு, அதுவும் அந்த வயசுக் குரலை... பெத்தவங்க காதுன்னா பெத்தவங்க காதுதான்.

— ம்.

— பையன் இப்ப என்ன பண்றாரு? அவர்கிட்டச் சொன்னீங்களா? சிரிப்பாரு.

— அவன்கூடப் பேசி ஒம்பது வருஷம் ஆச்சு.

— மன்னிச்சுக்கோங்க. தெரியாம...

— நீங்க எதுக்கு மன்னிப்புக் கேட்கிறீங்க? வடக்க எங்கேயோ பனி கொட்டுற ஊர்ல சிட்டி பஸ் ஓட்டுறான். என் நாத்தனார் பொண்ணு லூசிலுக்கு மட்டும்தான் நம்பர் தெரியும். கேட்டா, ‘நல்லா இருக்கான் அத்தை, அதுக்கு மேல என்கிட்டக் கேட்காதீங்க, சத்தியம் வாங்கியிருக்கான்’னு சொல்லுவா. நானும் கேட்கிறதில்ல. நல்லா இருக்கான்கிற வார்த்தையை வச்சே ஒரு வருஷம் ஓட்டிடுவேன்.

— யாரோ வர்றாங்க.

— நம்ம ரூஃபஸ்தான். சாவிக்கொத்துச் சத்தம் கேட்குதுல்ல? பள்ளிக்கூடத்தைக் கூட்டுறது, பூட்டுறது எல்லாம் அவன்தான். ஞாயித்துக்கிழமையானா எங்க சர்ச்சுல மூப்பர். அங்கயும் சாவி அவன்கிட்டத்தான்.

— டீச்சரம்மா, இன்னும் கிளம்பலையா? ஏசியை நிறுத்தணும். கரண்ட் பில்லு அதிகமாச்சுன்னா மேலிடத்துல என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பாங்க. என்ன, மறுபடியும் போட்டுக் கேட்டீங்களா? நான் சொன்னது சரிதானே? நம்ம ஜெரெல்தானே?

— ரூஃபஸ், நீ போய் மத்த ரூமைப் பூட்டிட்டு வா.

— பூட்டியாச்சு டீச்சரம்மா. ஜாக்சன் மேடம், உங்களுக்குத் தெரியாது. நான் காலையில டீ கேனைத் தூக்கிட்டுப் பின்பக்கமா வர்றேன், பெட்டிக்குள்ள இருந்து ஒரு பிள்ளை ‘கேட்டியா’ங்குது. கேன் கைநழுவப் பார்த்துச்சு. அது கிளைடு பேச்சு. டீச்சரம்மா வீட்டுக்காரரு. என்கூடக் கெளுத்தி மீன் பண்ணையில இருபது வருஷம் வேலை பார்த்தவரு. வாயைத் திறந்தா கேட்டியா. சம்பளக் கவர் வாங்கினா கேட்டியா. தூண்டில்ல மாட்டின மீன்கிட்டயே, ‘நீ மாட்டிக்கிட்ட, கேட்டியா’ம்பாரு. அந்த வார்த்தையை அதே இடத்துல நிறுத்தி, அதே இழுவையில சொல்றது இந்த ஊர்ல ரெண்டே பேருதான். ஒருத்தரை நாங்க மண்ணுல வச்சாச்சு. இன்னொருத்தன் ஜெரெல்.

— அப்ப முதல்ல கண்டுபிடிச்சது நீங்களா?

— ஆமா மேடம். ஓடிப்போய் டீச்சரம்மா காதுல சொன்னேன். ‘போடா, வேலையைப் பாரு’ன்னாங்க. அப்புறம் பார்த்தா பேனாவைக் கீழ வச்சிட்டாங்க.

— சொல்லிட்டல்ல. திருப்தியா?

— நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே டீச்சரம்மா. ஆனா ஒண்ணு, அந்தக் காலத்து டேப்புன்னா புஸ்ஸுன்னு இரையும். இது நேத்துப் பிடிச்ச மாதிரி என்ன தெளிவு.

— பழசை எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுச் சுத்தம் பண்ணுவாங்கண்ணா.

— அப்படியும் வந்துடுச்சா. சரி, சர்ச்சுல நடந்ததையும் மேடம்கிட்டச் சொல்லிட்டீங்களா?

— ரூஃபஸ்.

— இந்தா, போறேன். முன்கதவை மட்டும் திறந்து வைக்கிறேன். மெதுவா வாங்க.

— அவர் போயிட்டாரு டீச்சர். நீங்க எதையும் என்கிட்டச் சொல்லணும்னு இல்ல.

— ஒண்ணை மட்டும் சொல்லியாகணும். ‘பெத்தவங்க காது’ன்னீங்களே, அதை அப்படியே விட்டுட்டுப் போனா ராத்திரி சோறு இறங்காது. நான் கண்டுபிடிக்கலை. அந்தக் ‘கேட்டியா’வை நாலு தடவை கேட்டேன். புஸ்தகத்துல இல்லாத வார்த்தை, கூடுதல் வார்த்தைன்னு நாலு வட்டம் போட்டேன். இந்தப் பதினாலுல நாலு என் புருஷன் வார்த்தை. முப்பது வருஷம் என் பக்கத்துத் தலையணையில கேட்ட வார்த்தை. டீ கேன் தூக்கிட்டு வந்தவனுக்கு ஒரு தடவை போதுமா இருந்துச்சு.

— நீங்க தப்பை மட்டும் கேட்கிற வேலையில இருந்தீங்க. நான்தான் உங்களை அப்படி உட்கார வச்சேன்.

— இன்னைக்கு நீங்க உட்கார வச்சீங்க. மத்த நாளெல்லாம் யாரு வச்சா? எனக்கு எட்டு வயசுல, கறுப்பு வெள்ளைன்னு பிரிச்சு வச்சிருந்த பள்ளிக்கூடத்தைச் சேர்த்து ஒண்ணாக்கி மூணு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. புது டீச்சரம்மா, வெள்ளைக்காரங்க. என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னாங்க. நான் எங்கம்மை பேசின மாதிரி வாசிச்சேன். ‘இன்னொரு தரம்’னாங்க. வாசிச்சேன். ‘இன்னொரு தரம்.’ பத்துத் தரம் ஆகியிருக்கும். கிளாஸே சிரிக்குது. எங்க கறுப்புப் பிள்ளைங்களும் சேர்ந்து சிரிச்சுது, அதுதான் தாங்கலை. அன்னையில இருந்து அந்த வருஷம் முடியுற வரைக்கும் நான் ஸ்கூல்ல வாயே திறக்கலை. என் பிள்ளையைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன், பிள்ளை பொறக்கிறதுக்குப் பதினெட்டு வருஷம் முன்னாடியே.

— அதனால வீட்டுலயும் திருத்தினீங்க.

— வீட்டுல, கார்ல, கடையில, சாப்பாட்டு மேஜையில. ‘பாக்காரு’ன்னா ‘பார்க்கிறார்’னு நான் சொல்லுவேன். அவன் திருப்பிச் சொல்லணும். சொன்னாத்தான் தட்டு நகரும். கிளைடு, ‘பிள்ளை என்ன சொல்லுதான்னு முதல்ல கேளு வெர்னீட்டா, எப்படிச் சொல்லுதான்னு அப்புறம் பாப்பம்’பாரு. அவரையும் சேர்த்துத் திருத்துவேன். அவர் சிரிச்சுக்கிட்டே போய்த் தூண்டிலை எடுத்துப்பாரு. ஜெரெல் பின்னாலேயே போயிடுவான். ஆத்தங்கரையில என்ன பேசிக்கிட்டாங்களோ, எனக்குத் தெரியாது. அங்க நான் போனதில்ல.

— சர்ச்சுல என்ன நடந்துச்சு டீச்சர்?

— கேட்க மாட்டீங்கன்னு நினைச்சேன்.

— கேட்காம இருக்க முடியலை.

— அன்னைக்குக் கிளைடுக்கு அடக்கம். சர்ச்சு நிறைஞ்சு வெளிய புல்தரையிலயும் ஜனம். ஜெரெலுக்கு இருபத்து நாலு வயசு. ஒரு தாளை எடுத்துட்டு வந்து மைக்கைக் கையில வாங்கினான். ‘எங்கப்பன் எங்கள ஒரு நாளும் பசிக்க விட்டவரு இல்ல’ன்னு ஆரம்பிச்சான். நான் முன்வரிசை. சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். என் வாய் தானா, ‘எங்கள் அப்பா’ன்னுச்சு.

— டீச்சர்...

— சன்னமாத்தான் சொன்னேன். ஆனா மைக்கு மேடையில இல்ல, அவன் கையில, கீழ இறக்கிப் பிடிச்சிருந்தான். சர்ச்சு முழுக்கக் கேட்டுச்சு. பாடகர் குழுவுல ஒரு பொண்ணு ‘ஐயோ’ன்னா. அவன் என்னைப் பார்த்தான். கோவமே இல்ல அந்தப் பார்வையில. இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். தாளை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சான். ‘அம்புட்டுத்தான் அம்மா, முடிச்சிட்டேன்’னான். போய் உட்காரவே இல்ல. பக்கவாசல் வழியா வெளிய போனவன்தான். அந்தத் தாள்ல மீதி என்ன எழுதியிருந்தான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

— லெட்டர் எதுவும் எழுதலையா நீங்க?

— பதினோரு லெட்டர். எழுதி முடிச்சதும் கை சிவப்புப் பேனாவைத் தேடும். நானே எழுதினதுல நானே அடிச்சுத் திருத்துவேன். திருத்தித் திருத்திக் கடைசியில அது ஸ்கூல்ல இருந்து வீட்டுக்கு அனுப்புற சுற்றறிக்கை மாதிரி ஆயிடும். எப்படி அனுப்புறது அதை? இழுப்பறையில கிடக்கு.

— எங்கம்மா இப்பெல்லாம் என்கிட்டப் பேசும்போது யோசிச்சு யோசிச்சுப் பேசுறாங்க டீச்சர்.

— ஏன்?

— நான் டாக்டர் பட்டம் வாங்கினப்புறம். மோட்டல்ல ரூம் சுத்தம் பண்ணி என்னைப் படிக்க வச்சாங்க. நான் ஒரு நாளும் அவங்களைத் திருத்தினதில்ல. இருந்தும் போன்ல, ‘இது சரியா சொல்றேனா’ன்னு கேட்டுட்டுத்தான் அடுத்த வார்த்தை. பக்கத்து வீட்டம்மாகிட்டப் பேசுறப்ப மட்டும் அந்தப் பழைய பேச்சு கடகடன்னு வரும். நான் ரூமுக்குள்ள நுழைஞ்சதும் நின்னுடும். ஊர் ஊரா போய் டீச்சருங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன், பிள்ளைங்க பேச்சை மதிங்கன்னு. வீட்டுல எனக்கே அந்தப் பேச்சு கிடைக்க மாட்டேங்குது.

— வாசலுக்கு வெளிய நின்னு ஒட்டுக்கேட்கிறீங்களா?

— கேட்பேன். வெட்கமில்லாம.

— நல்லது. கேளுங்க. எனக்கு அதுக்கும் வழியில்ல. அவன் சின்ன வயசு வீடியோ எல்லாம் சூறாவளி வந்தப்ப வீட்டுக் கூரையோட போச்சு. இப்பத்தான் தெரியுது, அந்தக் குரல் எனக்கு ஞாபகமே இல்ல. நான் திருத்தின குரல்தான் ஞாபகம் இருக்கு. எங்கூடப் பேசாம, அவங்கப்பன்கூடப் பேசினானே, அந்தக் குரல் ஒண்ணே ஒண்ணு இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. எனக்கு அதுல ஒரு பிரதி வேணும். அதுக்குத்தான் உட்கார்ந்திருக்கேன். வேற எதுக்கும் இல்ல.

— என் கையில இல்லையே டீச்சர். பிரதி குடுக்கணும்னா அந்தக் குழந்தையைப் பெத்தவங்க எழுதிக் கேட்கணும்.

— பெத்தவ நான் இங்கதானே உட்கார்ந்திருக்கேன்.

— நீங்கதான்னு தெரியணும். அதாவது, சம்மதப் பத்திரத்துல இருக்கிற கையெழுத்தும் நீங்க கேட்கிற கையெழுத்தும் ஒண்ணா இருக்கணும்.

— அப்ப சுலபம். அந்தப் பத்திரம் எங்க இருக்கு?

— எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி இதுக்குள்ளதான் வச்சிருக்காங்க. பூட்டுப் போட்ட ஃபைல். பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கு. ஆனா ஏதாவது புகார் வந்தா மட்டும்தான் திறக்கலாம்.

— நான் புகார் குடுக்கிறேன். ஏழாவது பிள்ளையோட அம்மா அதுக்குத் தப்பா மார்க் போட்டுட்டான்னு எழுதிக்கோ.

— சிரிக்க வைக்காதீங்க. என் வேலை போயிடும்.

— சரி, வேண்டாம். நான் கேட்டிருக்கக் கூடாது. உன் அம்மை ரூம் ரூமா பெருக்கி வாங்கிக் குடுத்த வேலை. எம்பொருட்டு அது போக வேண்டாம். நீ கிளம்பு கண்ணு. ரூஃபஸ் பாவம், வெயில்ல நிக்கான்.

— டீச்சர், நீங்க இப்ப எப்படிப் பேசினீங்க தெரியுமா?

— எப்படிப் பேசினேன்?

— ஒண்ணும் இல்ல. உட்காருங்க. லேப்டாப்பைத் திறக்கிறேன்.

— நதீன், வேண்டாம்.

— பத்திரத்தைப் பார்க்கிறது நான் மட்டும்தான். உங்க கண்ணுல காட்ட மாட்டேன். கையெழுத்து உங்க பேர்ல இருக்கான்னு மட்டும் சொல்றேன். இருந்தா நாளைக்கே நீங்க எழுதிக் குடுங்க, நான் கையோட கொண்டுபோய் ஆபீஸ்ல சேர்க்கிறேன். பத்து நாள்ல பிரதி வந்துடும்.

— பத்து நாளா?

— ஒம்பது வருஷம் இருந்தீங்க. பத்து நாள் இருக்க மாட்டீங்களா?

— அது தெரியாம இருந்தது. இது தெரிஞ்சில்ல இருக்கணும். நாள் எண்ணிக்கிட்டு.

— எண்ணுறதுதான் உங்களுக்குப் புடிச்ச வேலையாச்சே. இருங்க, திறக்குது. கொஞ்சம் மெதுவாத்தான் திறக்கும்.

— வி. பிரூயிட்னு இருக்கும். அப்ப என் கையெழுத்து நல்லா இருக்கும், கொடி மாதிரி ஓடும். நீல மை. ஜெரெல் பேரை அவனே எழுதுவேன்னு அடம் பிடிச்சு, கீழ பென்சில்ல கிறுக்கியிருப்பான். அதுவும் இருக்கான்னு பாரு.

— நாலு... அஞ்சு... ஆறு. இந்தா, ஏழு. டீச்சர்.

— இருக்கா?

— டீச்சர், இது பையன் இல்ல.

— என்ன சொல்ற?

— பெண் குழந்தைன்னு போட்டிருக்கு. வயசு அஞ்சரை.

— சரியாப் பாத்தியா? ஏழாவதுதானே?

— ஏழாவதுதான். ரெண்டு தரம் பார்த்துட்டேன்.

— அப்ப ரூஃபஸ் கேட்டதும் தப்பு. அவன் சொன்னதை நம்பி நான் கேட்டதும் தப்பு. யார் வீட்டுப் பிள்ளையையோ என் பிள்ளைன்னு நினைச்சு ஒரு மத்தியானம் முழுக்க... சரி. மூடிடு கண்ணு. அசிங்கமா இருக்கு. ஆளு இல்லாத வீட்டுல ஒருத்திக்கு எதைக் கேட்டாலும் தன் பிள்ளை மாதிரித்தான் கேட்கும்.

— பழைய டேப்பும் இல்ல. இந்த வருஷம் மார்ச் மாசம் எடுத்தது.

— மூடிடுன்னு சொல்லுதேன்ல. நான் கிளம்புதேன்.

— டீச்சர், கொஞ்சம் நில்லுங்க. பெத்தவங்க கையெழுத்துன்னு இருக்கிற கோட்டுல, ‘ஜெரெல் பிரூயிட், அப்பா’ன்னு போட்டிருக்கு.